ஜனவரியில் தில்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்: இருவராகக் காரில் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் தில்லியில் ஆறு குளிர்காலங்களைக் கழித்தோம். தில்லியில் கிளம்பி ஆக்ரா, பரத்பூர், ஜெய்ப்பூர் பார்த்து மறுபடி தில்லிக்கே திரும்பும் வட்டத்தைக் காரில் மூன்று முறை சுற்றியிருக்கிறோம். மூன்றும் ஜனவரி மாதத்தில். ஊரிலிருந்து புதிதாகக் கல்யாணமான தம்பிமார் கிளம்பினாலும், ரிட்டயரான பெரியப்பா பெரியம்மா கிளம்பினாலும் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். அவர்கள் கேட்டதையும் நாங்கள் சொன்னதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று: இந்தப் பயணத்துக்கு நேரம் குறிப்பது மூடுபனி. அதற்கு ஒத்துப்போகிறவர்களுக்கு ஜனவரி அவ்வளவு அழகான மாதம்.

ஜனவரியில் போகலாமா, பிப்ரவரி வரை பொறுத்துப் போகலாமா?

லீவு உங்கள் கையில் இருக்கிறது என்றால் பிப்ரவரி பத்துத் தேதிக்கு மேல் போங்கள். மூடுபனி பெரும்பாலும் விலகியிருக்கும், குளிரும் இதமாக இருக்கும், பூக்கள் பூத்திருக்கும். ஆனால் பொங்கல் விடுமுறையை விட்டால் வேறு நாள் கிடைக்காது என்கிறவர்கள்தான் நம்மில் அதிகம். அவர்கள் தாராளமாக ஜனவரியில் போகலாம். ஒரே நிபந்தனை, ஒரு நாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த ஒரு நாள் இல்லாத பயணத் திட்டத்தை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஊட்டி, கொடைக்கானலில் எல்லாம் பனியில் ஓட்டியிருக்கிறோமே. இது அவ்வளவு மோசமா?

மோசம்தான். மலையில் நாம் பார்ப்பது வந்து போகும் மேகம். இரண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டினால் வெளுத்துவிடும். கங்கைச் சமவெளியின் மூடுபனி தரையிலிருந்தே எழுவது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து குளிர்காலத்தில் வரும் காற்றழுத்தங்கள் ஈரத்தைக் கொண்டுவந்து போடும், பாசனம் நடக்கும் கோதுமை வயல்களிலும் ஈரம் இருக்கும். இரவில் வானம் தெளிந்து காற்று நின்றுவிட்டால் தரை வேகமாகக் குளிரும், அதை ஒட்டிய காற்றிலுள்ள ஈரம் அப்படியே நீர்த்துளியாக நின்றுவிடும். நகரத்துப் புகையும் தூசும் அதைக் கெட்டியாக்கும். பஞ்சாபிலிருந்து பீகார் வரை ஒரே வெள்ளைப் போர்வை. வானிலை ஆய்வு மையத்தின் கணக்கில் 200 மீட்டருக்குள் பார்வை குறைந்தால் அடர்ந்த மூடுபனி, 50 மீட்டருக்குள் என்றால் மிக அடர்ந்தது. ஆனால் கார் ஓட்டும்போது மீட்டர் கணக்கு எதுவும் மனதில் நிற்காது. நம் காரின் முன் விளிம்பு தெரிகிறதா, அதற்கு அப்பால் எதுவும் தெரிகிறதா என்பது மட்டும்தான்.

எங்கள் முதல் பயணத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். ஊரில் நெடும்பயணம் என்றால் அப்படித்தானே கிளம்புவோம், வெயிலுக்கு முன்னால் பாதி தூரம் போய்விடலாம் என்று. நொய்டா தாண்டும் வரை ஒன்றுமில்லை. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி அரை மணி நேரத்தில் வெள்ளைச் சுவர் ஒன்றுக்குள் நுழைந்தோம். அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தார். நான் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, சாலையோரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வந்தேன். "கோடு தெரியுதா?" "தெரியுது, தெரியுது, மெதுவா போங்க." இருபது நிமிடம் இதைத் தவிர வேறு பேச்சே இல்லை. ஓய்விடம் ஒன்றின் விளக்கு மங்கலாகத் தெரிந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. உள்ளே போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஐந்து மணிக்குக் கிளம்பிய நாங்களும், அன்று ஒன்பதரைக்கு வீட்டிலிருந்து நிதானமாகக் கிளம்பியவர்களும் ஆக்ராவுக்கு ஒரே நேரத்தில்தான் போய்ச் சேர்ந்திருப்போம்.

அதனால் எங்கள் விதி இது: காலை பத்து மணிக்கு முன்னால் நெடுஞ்சாலையில் ஏறுவதில்லை, மாலை ஐந்தரைக்கு மேல் இருப்பதில்லை.

மீறி மாட்டிக்கொண்டால்?

ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணிலேயே திரும்ப அடிக்கும். ஃபாக் லேம்ப் இருந்தால் அதையும் போடுங்கள். இடது ஓரத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகத்தில் மட்டும் போங்கள். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கை நம்பி அதன் பின்னாலேயே ஒட்டிப் போகாதீர்கள், அது சாலையை விட்டு இறங்கினால் நீங்களும் இறங்குவீர்கள். ஹீட்டரோடு ஏ.சி.யையும் சேர்த்துப் போட்டால் முன் கண்ணாடியின் உள்பக்கத்து ஈரம் போய்விடும். பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள், பார்க்க முடியாததைக் காது கேட்கும்.

நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டுக்கொண்டே ஓட்டுவது அங்கே வழக்கம். அது தப்பு. பின்னால் வருகிறவருக்கு நாம் ஓடுகிறோமா நிற்கிறோமா என்றே தெரியாது, திரும்பப் போவதையும் காட்ட முடியாது. நிறுத்திய வண்டிக்குத்தான் அது.

அதைவிட முக்கியம், சாலையிலோ அதன் ஓரத்திலோ நிறுத்தாதீர்கள். பனியில் நடக்கும் தொடர் மோதல்கள் பலவும் முன்னால் நின்றுவிட்ட ஒரு வண்டியில்தான் தொடங்குகின்றன. பெட்ரோல் பங்க், தாபா, ஓய்விடம், சுங்கச்சாவடி என்று எதற்குள்ளாவது முழுதாக நுழைந்த பிறகுதான் நிற்க வேண்டும். யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை கார்களின் வேக வரம்பை மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து 75 ஆகக் குறைக்கிறார்கள். வெயில் அடித்தாலும் அதே வரம்புதான், கேமரா இருக்கிறது.

சரி, எத்தனை நாள்? எந்த வரிசையில்?

பத்து நாள். முதல் நாள் மதியம் தில்லியில் இறங்கி ஓய்வு. இரண்டாம் நாள் ஆக்ரா, அங்கே இரண்டு இரவு. நான்காம் நாள் ஃபதேபூர் சிக்ரி பார்த்துவிட்டுப் பரத்பூரில் தங்கல். ஐந்தாம் நாள் பறவைகள், வழியில் ஆபானேரி படிக்கிணறு, இருட்டுவதற்குள் ஜெய்ப்பூர். அங்கே மூன்று இரவு. எட்டாம் நாள் தில்லிக்குத் திரும்பி மிச்ச நாளைத் தில்லிக்குக் கொடுங்கள். கூடுதல் நாள் வேண்டும் என்றேனே, அது இந்தக் கடைசிப் பகுதியில் ஒளிந்திருக்கிறது. எங்காவது ஒரு நாள் பனியில் போனால் தில்லியில் குறைத்துக்கொள்ளலாம்.

தில்லி–ஆக்ரா சுமார் 230 கிலோமீட்டர், அதில் 165 எக்ஸ்பிரஸ்வே. ஆக்ரா–ஜெய்ப்பூர் 240. ஜெய்ப்பூர்–தில்லி 280. ஊருக்குள் சுற்றுவதையும் சேர்த்தால் 900 கிலோமீட்டர் ஆகும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 60 லிட்டர் பெட்ரோல். ஃபாஸ்டேகில் பணம் போட்டு வையுங்கள்.

இரண்டு கிழமைகளை மட்டும் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தாஜ் மஹால் கிடையாது. திங்கட்கிழமை செங்கோட்டையும் தில்லியின் அருங்காட்சியகங்களும் அக்ஷர்தாம் கோயிலும் கிடையாது.

நாமே ஓட்டுவதா, டிரைவர் வைத்துக்கொள்வதா?

பனியில் ஓட்டிப் பழக்கமில்லாதவர்களுக்கு டிரைவரோடு கார் என்பதே என் பதில். அந்த ஊர்க்காரர் ஒருவர் "இப்ப போக வேண்டாம்ஜி, ஒரு சாய் குடிக்கலாம்" என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் கேளுங்கள். கேட்டுவிட வேண்டியது: உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் இரண்டுக்குமான மாநில வரி, சுங்கம், டிரைவரின் இரவுப் படி எல்லாம் சொன்ன தொகைக்குள் அடக்கமா? எழுத்தில் வாங்கி வையுங்கள்.

நீங்களே ஓட்டுவதாக இருந்தால் வாடகைக் காரின் நம்பர் பலகையைப் பாருங்கள். கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருந்தால்தான் அது நாமே ஓட்டும் வாடகைக்கு முறையாகப் பதிவான வண்டி. வெள்ளைப் பலகை வண்டியை வாடகைக்கு வாங்கி ஓட்டி, விபத்து என்று ஏதாவது ஆகிவிட்டால் காப்பீடு கிடைப்பது கஷ்டம். இருவருக்கும் ஓட்டத் தெரிந்தால் நல்லது. அப்போதும் ஒருவர் ஓட்ட, மற்றவர் சாலையைப் பார்க்க வேண்டும். பக்கத்து சீட்டில் தூங்குவது கோடைக்காலத்துக்கு இருக்கட்டும். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் போகும், எதிர்த்திசையில் பைக் வரும், ராஜஸ்தானுக்குள் நுழைந்தால் ஒட்டக வண்டியும் நீல்காய் என்கிற பெரிய மானும் குறுக்கே வரலாம்.

தாஜ் மட்டும் பார்த்தால் போதும் என்றால்?

அப்போது கார் எதற்கு? ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் ஒரு மணி 40 நிமிடத்தில் ஆக்ரா போகும். வெள்ளிக்கிழமை ஓடாது. பனியில் ரயிலும் தாமதமாகும், ஆனால் நம் கையில் ஸ்டியரிங் இருக்காது. வழியில் நிற்க ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் காரில் அர்த்தம். ஃபதேபூர் சிக்ரி, பரத்பூர், ஆபானேரி மூன்றும் அந்த ஆசைக்குக் கிடைக்கிற பரிசு.

தாஜ் மஹாலை விடியலில்தான் பார்க்க வேண்டும் என்கிறார்களே?

அக்டோபரிலும் மார்ச்சிலும் சரி. ஜனவரியில் அந்தப் பேச்சைக் கேட்டு ஏமாறாதீர்கள். கதவு திறப்பது சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னால். ஜனவரியில் அது ஆறே முக்கால் வாக்கில் ஆகும். அந்த நேரத்தில் வாசல் வளைவுக்குள் நின்றால் எதிரே வெறும் வெள்ளை. மினாரும் இல்லை, குவிமாடமும் இல்லை. நீர்த்தடாகத்தில் பாதி வரை தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள் அப்படி நின்றிருந்தபோது பக்கத்தில் ஒரு வயதான தம்பதி, வெகு தூரத்திலிருந்து வந்தவர்கள், ஒன்றும் பேசாமல் அந்த வெள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனசு கேட்கவில்லை. இருந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டு நாங்களும் இருந்தோம். வெகு நேரம் கழித்து முதலில் குவிமாடத்தின் உச்சி மட்டும் வானத்தில் மிதந்தது. அப்புறம் மெல்ல மெல்லக் கீழே இறங்கி வந்தது போல முழுதும் தெரிந்தது. ஒருவிதத்தில் அதைவிட அழகாகத் தாஜை நான் பார்த்ததில்லை. ஆனால் அது அமைய வேண்டும், நமக்கு நேரமும் இருக்க வேண்டும்.

நம்பிப் போகக்கூடிய நேரம் மதியம் ஒரு மணியிலிருந்து நான்கரை வரை. வெயில் பளிங்கில் இறங்கி மஞ்சளாகும். சூரிய அஸ்தமனத்துக்கு அரை மணி முன்னால் மூடிவிடுவார்கள் என்பதால் ஐந்தேகால் வாக்கில் வெளியே வந்துவிட வேண்டும். டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான், அந்தக் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். பௌர்ணமியை ஒட்டிய ஐந்து இரவுகளில் நிலவொளியில் பார்க்க அனுமதி உண்டு, ஆனால் ஜனவரி இரவில் பணம் கட்டிப் பனியைப் பார்க்க வேண்டாம்.

டிக்கெட் எவ்வளவு?

இந்தியருக்கு 50 ரூபாய். கல்லறை இருக்கும் மேடைக்குப் போக இன்னும் 200. இலங்கை பாஸ்போர்ட் வைத்திருக்கிறவர்களுக்கு சார்க் நாட்டுக் கட்டணமாக 540, மேடைக்கு அதே 200. மற்ற வெளிநாட்டுக் குடிமக்களுக்கு 1100, மேடைக்கு 200. பதினைந்து வயதுக்குள் இலவசம். இணையத்தில் முன்னதாக வாங்கிவிடுங்கள். அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே காரை நிறுத்த வேண்டும், அங்கிருந்து பேட்டரி வண்டி. கிழக்கு வாசலில் கூட்டம் குறைவு.

ஆக்ராவில் வேறு என்ன?

இத்மாத்-உத்-தௌலா. ஊரிலிருந்து வருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், எனக்கு வருத்தம். நூர்ஜஹான் தன் அப்பாவுக்காக 1622 முதல் 1628 வரை கட்டிய கல்லறை இது. தாஜுக்கு முன்னாலேயே வெள்ளைப் பளிங்கில் வண்ணக் கற்களை இழைத்துச் செய்த வேலை. சின்னக் கட்டடம் என்பதால் பூ வேலைப்பாட்டை மூக்கருகில் வைத்துப் பார்க்கலாம். கூட்டமும் இல்லை. யமுனைக் கரையில் இருவரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம்.

ஆக்ரா கோட்டையை மதியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். 1658 முதல் 1666 இல் இறக்கும் வரை ஷாஜஹான் மகனுடைய காவலில் இருந்தது இங்கேதான். அங்கிருந்து ஆற்றைத் தாண்டித் தாஜ் தெரியும், காலையில் போனால் தெரியாது. வரும்போது பேட்டா வாங்குங்கள். நம் ஊர் வெண்பூசணியைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் இனிப்பு, ஈரமில்லாத வகை ஊர் வரை தாங்கும்.

ஃபதேபூர் சிக்ரியும் பரத்பூரும் அவசியமா?

ஃபதேபூர் சிக்ரி ஒன்றரை மணி நேரம் போதும். அக்பர் 1571 இல் தலைநகராக்கி 1585 இல் விட்டுப்போன ஊர். 54 மீட்டர் உயர வாசலும் சலீம் சிஷ்டியின் வெள்ளைக் கல்லறையும் மனதில் நிற்கும். குழந்தை வேண்டித் தம்பதிகள் அந்தக் கல்லறையின் பளிங்குச் சாளரத்தில் நூல் கட்டுவார்கள். வாசலில் வழிகாட்டி என்று சொல்லிச் சூழ்ந்துகொள்கிறவர்களிடம் ஒரு "வேண்டாம்" போதாது, ஐந்து முறை சொல்ல வேண்டியிருக்கும். கோபப்படாமல் சொல்லிக்கொண்டே நடங்கள்.

பரத்பூரை விடாதீர்கள். கேவலாதேவ் தேசியப் பூங்கா 29 சதுர கிலோமீட்டர்தான். 1985 இலிருந்து உலகப் பாரம்பரியச் சின்னம். நீரைத் திருப்பிவிட்டு மகாராஜாக்கள் வாத்து வேட்டைக்காக உண்டாக்கிய சதுப்பு நிலம், இன்று பறவைகளின் வீடு. வேடந்தாங்கலுக்கும் கூந்தங்குளத்துக்கும் போய்ப் பழகியவர்களுக்கு மஞ்சள் மூக்கு நாரையும் வரித்தலை வாத்தும் ஊர்க்காரர்களைப் பார்ப்பது போல இருக்கும். புதிதாகப் பார்ப்பது சாரஸ் கொக்கு. ஆள் உயரம், சிவப்புத் தலை, எப்போதும் ஜோடியாகத்தான் நிற்கும். ஒரு காலத்தில் சைபீரியக் கொக்குகளும் இங்கே குளிர்காலத்தைக் கழித்தன. 2002க்குப் பிறகு வரவில்லை. காரை வாசலிலேயே விட்டுவிட்டு சைக்கிள் ரிக்‌ஷா பிடியுங்கள். ஓட்டுகிறவர்கள் பறவைகளை அடையாளம் காட்டப் பயிற்சி பெற்றவர்கள். எங்களை ஓட்டிச் சென்ற பெரியவர் பேசவே இல்லை. நிறுத்துவார், கை காட்டுவார், காத்திருப்பார். பனி மெல்ல விலக, முதலில் குரல் கேட்டு அப்புறம் பறவை தெரியும். மூன்று பயணத்திலும் சேர்த்து எனக்கு மிகவும் பிடித்த காலை அதுதான்.

ஆபானேரி எங்கே இருக்கிறது?

ஜெய்ப்பூருக்கு 95 கிலோமீட்டர் முன்னால், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. ஆயிரம் ஆண்டைத் தாண்டிய படிக்கிணறு. 13 தளம், சுமார் 3500 படிகள், மூன்று பக்கமும் முக்கோணம் முக்கோணமாக. இறங்க விடமாட்டார்கள், மேலிருந்து பார்க்கலாம். அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

ஜெய்ப்பூரில் பொங்கல் அன்று இருப்போம். கொண்டாட ஏதாவது உண்டா?

கொடுத்துவைத்தவர்கள் நீங்கள். ஜனவரி 14 சங்கராந்தி அன்று ஜெய்ப்பூர் முழுவதும் மொட்டை மாடியில் இருக்கும். வானத்தில் அத்தனை பட்டம். ஒரு பட்டத்தை அறுத்ததும் "வோ காட்டா" என்று தெருத்தெருவாகக் கத்தல். எள்ளுருண்டையும் ஃபீனி என்கிற சேமியா போன்ற இனிப்பும் கையில் திணிப்பார்கள். இருட்டியதும் காகித விளக்குகளைப் பறக்கவிடுவார்கள். பழைய நகரத்துக்குள், மாடி இருக்கும் விடுதியாகப் பார்த்து முன்பே பதிவு செய்யுங்கள். அன்று பைக்கில் போக வேண்டாம், கண்ணாடித் தூள் தடவிய நூல் கழுத்தை அறுக்கும். நாங்கள் காலையில் விடுதிச் சமையலறையில் கேட்டு வாங்கிய பாத்திரத்தில் பால் பொங்க வைத்துவிட்டு மாடிக்குப் போனோம்.

மற்ற நாட்களில் ஆமேர் கோட்டை, ஜந்தர் மந்தர், ஹவா மஹால். ஆமேருக்கு நடந்தே ஏறுங்கள், யானை மேல் வேண்டாம். அந்தக் கல்லிலும் சரிவிலும் அவை படும் பாட்டைப் பார்த்தால் ஏற மனசு வராது. பழைய வானியல் கூடமான ஜந்தர் மந்தரில் 27 மீட்டர் உயர சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தின் நிழல் நகர்வதைக் கண்ணால் பார்க்கலாம், இரண்டு விநாடி வரை துல்லியமாக நேரம் காட்டும். வெயில் இருந்தால்தான் அதற்குப் பொருள், எனவே மதியம். ஹவா மஹால் 1799 இல் கட்டியது, 953 சாளரங்கள். அதன் முகப்பு கிழக்கே பார்த்திருப்பதால் படம் எடுக்கக் காலை நேரம் நல்லது. ஜெய்ப்பூரில் பனி அவ்வளவு அடர்த்தியாக இருக்காது.

குளிர் எவ்வளவு? என்ன உடை வேண்டும்?

தில்லியிலும் ஆக்ராவிலும் இரவில் 4 முதல் 8 டிகிரி வரை போகும். பகலில் வெயில் வந்தால் 20. வெயிலே வராத நாட்கள் சில இருக்கும், அன்று பகல் முழுக்க 13, 14 தான். நம் ஊர் மார்கழிப் பனிக்கு வாங்கிய ஸ்வெட்டர் போதாது. உள்ளே தெர்மல், மேலே முழுக்கை, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜாக்கெட். காதை மூடும் குல்லா. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, ஏனென்றால் கோயில்களிலும் கல்லறைகளிலும் செருப்பைக் கழற்றிய பாதத்துக்குக் கல் தரை பனிக்கட்டி போல இருக்கும். புடவை கட்டுகிறவர்கள் உள்பாவாடைக்குப் பதில் தெர்மல் கால்சட்டை போட்டு மேலே கட்டலாம், நான் அப்படித்தான். ஊரிலேயே எல்லாவற்றையும் வாங்கிச் சுமக்க வேண்டாம். தில்லியில் சரோஜினி நகரிலும் லாஜ்பத் நகரிலும் பாதி விலைக்குக் கிடைக்கும். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்துவிடும், உதட்டுக்கும் குதிகாலுக்கும் வாஸ்லைன் எடுத்துக்கொள்ளுங்கள்.

தங்கும் இடத்தில் என்ன கேட்க வேண்டும்?

வெந்நீர் எந்நேரமும் வருமா, அறைக்கு ஹீட்டர் உண்டா, அதற்குத் தனிக் காசா, கார் நிறுத்த உள்ளே இடம் இருக்கிறதா. வடக்கே வீடுகள் கோடைக்காகக் கட்டியவை, உள்ளே வெளியைவிடக் குளிரும். கணவன் மனைவி இருவரின் அசல் அடையாள அட்டையும் கையில் இருக்க வேண்டும். கல்யாணச் சான்றிதழ் கேட்கச் சட்டம் எதுவும் இல்லை.

தயவு செய்து ஒன்று: கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்காதீர்கள். அங்கீட்டி என்பார்கள், வாசலில் சுற்றி உட்கார்ந்து கை காய்ச்ச அருமையாக இருக்கும். மூடிய அறையில் அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமே கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போன குடும்பங்களின் செய்தி ஒவ்வொரு குளிர்காலத்திலும் வருகிறது.

சாப்பாடு?

குளிர்காலத்தில்தான் வடக்கே சாப்பாட்டுக்கு உயிர் வருகிறது. சிவப்புக் கேரட் அல்வா, கஜக் என்கிற எள் மிட்டாய், கடுகுக் கீரையோடு மக்காச்சோள ரொட்டி, சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கில் எலுமிச்சை பிழிந்த சாட். ஜெய்ப்பூரில் வெங்காயக் கசோரியும், பருப்போடு சுட்ட கோதுமை உருண்டை சேர்த்த தால் பாட்டியும். பழைய தில்லியில் குளிர்காலத்தில் மட்டும் கிடைக்கும் தௌலத் கி சாட்டைக் காலையிலேயே தேடிப் போங்கள். குங்குமப்பூ தூவிய பால் நுரை, நாக்கில் வைத்ததும் காணாமல் போய்விடும். அரிசிச் சோறு இல்லாமல் ஐந்தாம் நாள் தாங்காது என்கிறவர்களுக்கு, நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும் தில்லியின் கரோல் பாகும் ஆர்.கே. புரமும் இருக்கின்றன. ஆர்.கே. புரத்து மலை மந்திர் சுவாமிநாதரைப் பார்த்துவிட்டு அந்தப் பக்கமே சாப்பிட்டு வரலாம். 1973 இல் குடமுழுக்குக் கண்ட கோயில், படியேறி மேலே போனால் நம் ஊர்ச் சந்தன வாசம்.

தில்லிக்குள் கார் வேண்டுமா? காற்று மாசு என்று பயமுறுத்துகிறார்களே?

தில்லிக்குள் வந்ததும் காரை விடுதியில் போட்டுவிட்டு மெட்ரோவில் ஏறுங்கள். மாசு அளவு கூடினால் பழைய வண்டிகளுக்குத் தடை வரும். மூன்றாம் கட்டக் கட்டுப்பாட்டில், பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தர அளவில் பி.எஸ். 3 பெட்ரோல் கார்களும் பி.எஸ். 4 டீசல் கார்களும் ஓடக் கூடாது. உங்கள் வண்டி எது என்று பதிவுச் சான்றிதழில் பாருங்கள், புகைச் சான்றிதழ் காலாவதியாகாமல் இருக்கட்டும். அன்றன்றைய கட்டுப்பாட்டைக் காலைச் செய்தியில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பயமுறுத்தவில்லை, உண்மைதான் சொல்கிறார்கள். ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஜனவரியில் தில்லிக்கு வர வேண்டாம். மற்றவர்கள் என்.95 முகக்கவசம் போட்டு, காலை நடையைத் தவிர்த்து, மதியத்தில் சுற்றுங்கள்.

தில்லியில் நேரம் குறைவு. ஒன்றே ஒன்று பார்க்க வேண்டுமென்றால்?

ஹுமாயூன் கல்லறை. மனைவிக்காகக் கணவன் கட்டியதை ஆக்ராவில் பார்த்துவிட்டு வருவீர்கள். இது கணவனுக்காக மனைவி பேகா பேகம் கட்டியது, 1570 வாக்கில் முடிந்தது, தாஜுக்கு அறுபது ஆண்டு மூத்தது. நான்கு பக்கமும் தோட்டம், சிவப்புக் கல், வெள்ளைக் குவிமாடம். தாஜின் வடிவம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தவுடன் புரியும். மதிய வெயிலில் புல்தரையில் ஆரஞ்சு உரித்துச் சாப்பிடும் குடும்பங்களோடு நீங்களும் உட்காருங்கள். தில்லிக்காரர்களின் குளிர்காலம் என்பது அதுதான்.

குடியரசு தின அணிவகுப்பு பார்க்க முடியுமா?

இணையத்தில் டிக்கெட் விற்பார்கள், சீக்கிரம் தீரும். 26 இலும் 23 ஆம் தேதி முழு ஒத்திகையிலும் மத்திய தில்லியில் சாலைகள் அடைபடும். அந்த நாட்களை ஒட்டிச் செங்கோட்டையும் மூடியிருக்கும். அணிவகுப்பு வேண்டாம் என்கிறவர்கள் 20 ஆம் தேதிக்குள் ஊர் திரும்பிவிடுவது நல்லது.

இந்தி தெரியாதே?

எங்கள் பெரியம்மாவுக்கும் தெரியாது. "பஸ்" (போதும்), "கித்னா" (எவ்வளவு), "பானி" (தண்ணீர்), "தன்யவாத்" (நன்றி) நான்கை வைத்துக்கொண்டு பத்து நாள் சமாளித்தார். வழி கேட்பதை மட்டும் மேப்பை நம்பாமல், கடைக்காரரிடமும் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள். பனியில் மேப் காட்டும் குறுக்கு வழி வயல் வரப்பில் கொண்டு விடும்.

விமானமா ரயிலா, எந்த நேரத்துக்கு?

ரயில் என்றால் சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறக்குறைய 33 மணி நேரம். ஜனவரியில் அதற்கு மேல் சில மணி நேரம் தாமதத்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள், இறங்கிய அன்றைக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள். விமானம் என்றால் தில்லியில் மதியம் இறங்குவதும் மதியம் கிளம்புவதும் நல்லது. பனி நடுராத்திரியிலிருந்து காலை ஒன்பது, பத்து வரைதான் உச்சத்தில் இருக்கும், விமானங்கள் திருப்பிவிடப்படுவதும் அப்போதுதான். திரும்பும் நாள் காலையில் ஏர்போர்ட் மெட்ரோவிலேயே போய்விடலாம், காரை முதல் நாள் மாலையே ஒப்படைத்துவிடுங்கள்.